கறிவேப்பிலைச் செடிக்குப் புடவை கட்டிய ஆடி

போன வாரம் நம் எட்டாம் வகுப்புத் தோழிகளின் வாட்ஸாப் குழுவில் ஒருத்தி ஒரு படம் போட்டிருந்தாள். பெயிண்ட் வாளியில் ஒரு கறிவேப்பிலைச் செடி. குச்சி மட்டும் நெடுநெடுவென்று போயிருந்தது. ஈர்க்குக்கும் ஈர்க்குக்கும் நடுவே பெரிய இடைவெளி. இலைகள் காகிதம்போல மெலிந்து, பச்சை வெளுத்து, தலை தொங்கி நின்றன. ‘இதுக்கு என்ன பண்ணலாம்?’ என்று கேட்டிருந்தாள்.

பதில் சொல்ல எல்லாரும் வந்துவிட்டீர்கள். முட்டி வலியும் மூக்குக் கண்ணாடியும் வந்த பிறகு நமக்கு உலகத்தில் தெரியாத விஷயமே இல்லை. புளித்த மோர் ஊற்று என்றாள் ஒருத்தி. கண் பட்டிருக்கும், மிளகாய் கட்டு என்றாள் இன்னொருத்தி. அப்புறம் ஒருத்தி எழுதினாள்: ‘தூரமா இருக்கும்போது தொட்டியாடி?’ பக்கத்தில் சிரிக்கிற முகங்கள்.

எழுதியவள் யார் என்று இங்கே சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும். அன்றைக்கே பதில் போட்டிருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும். அதனால் போடவில்லை. இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாக இருக்கும். அழகாகவும் இருக்காது. எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது என்று உங்களுக்கே தெரியும்.

நாம் எட்டாவது படித்த வருஷம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்த புதிது. ஒரகடத்தில் அப்போது முள்ளுச்செடிதான். அதற்கு முந்தின வருஷமே எங்கள் அப்பா ரோட்டோரத்து நிலத்தைக் கொடுத்துவிட்டு, பழைய வீட்டை இடித்து மாடி வீடு கட்டினார். பக்கவாட்டில் வரிசையாக வாடகை அறைகள். மாடிப்படிக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தையும் விடாமல் ஒரு கதவு வைத்து அதையும் அறை என்றார். உள்ளே நிமிர்ந்து நின்றால் அந்தக் கோடியில் தலை இடிக்கும். அந்த வீட்டை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஈர சிமெண்ட் வாசனை. இரண்டாவது, விடிகாலையில் திருப்பத்தில் ஷிப்ட் பஸ் அடிக்கும் ஹாரன்.

அறைகளுக்கு வந்தவர்கள் எல்லாம் தெற்கத்திப் பையன்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, சங்கரன்கோவில். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்தவர்கள். ஓ.டி. பார்த்துவிட்டு வந்து சட்டையைக் கழற்றாமல் தூங்குவார்கள். மாடிப்படி அறைக்கு மட்டும் புருஷன் பெண்டாட்டியாக இரண்டு பேர் வந்தார்கள். அந்த அண்ணன் ஏதோ கம்பெனியில் லைனில் நின்றார். நான் இங்கே அக்கா என்று எழுதப்போவது அவர் மனைவியைத்தான். அக்காவுக்கு இருபது வயதுகூட இருந்திருக்காது. சொந்தத்தில் யாருக்கும் பிடிக்காமல் கல்யாணம் செய்துகொண்டு வந்தவர்கள். அவர்களுக்குக் கடிதம் வராது. பார்க்க யாரும் வர மாட்டார்கள். பொங்கலுக்குப் பையன்கள் எல்லாம் ஊருக்குப் பஸ் ஏறினபோது இவர்கள் இரண்டு பேர் மட்டும் பூட்டிய கதவுகளுக்கு நடுவே இருந்தார்கள். இங்கே வருவதற்கு முன்னால் மணிமங்கலத்தில் ஒரு வீடு, படப்பையில் ஒரு வீடு. இரண்டிலும் “எந்த ஊரு, இன்னா ஆளுங்க” என்று கேட்டுக் கேட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். அப்பா மட்டும்தான் கேட்கவில்லை. நல்ல மனசால் இல்லை. அந்த அறைக்கு வேறு யாரும் வரவில்லை.

இப்போது செடிக்கு வருகிறேன்.

பழைய வீட்டுக் கொல்லையில் பெரிய கறிவேப்பிலை மரம் இருந்தது. வீட்டை இடித்தபோது அதுவும் போனது. அம்மா அதன் வேரில் கிளம்பியிருந்த ஒரு கன்றை எடுத்து, கம்பெனியிலிருந்து வந்த நீல டிரம்மைப் பாதியாக அறுத்து, அதில் வைத்தாள். டிரம்மில் எத்தனை தடவை கழுவியும் போகாத ஒரு கார நெடி இருந்தது. அது குழாயடிக்குப் பக்கத்தில், இரண்டு சுவருக்கு நடுவே இருந்த சந்தில் நின்றது. முதல் வருஷம் நன்றாகத்தான் வளர்ந்தது. உச்சி வெயில் நேராக அதன் தலையில் விழும். அந்தப் பக்கம் போனாலே பாவாடையில் வாசனை ஒட்டும்.

அந்தச் சித்திரையில் அப்பா சந்துக்கு மேலே தகர ஷீட் போட்டார். பையன்கள் ஒவ்வொருவராக வண்டி வாங்கியிருந்தார்கள். வண்டி நிறுத்தத் தனியாக வாங்கலாம் என்பது அவர் கணக்கு. ஷீட் போட்ட பிறகு சந்தில் பகலிலும் லைட் போட வேண்டியிருந்தது. மழை பெய்தால் மேலே கல் கொட்டுகிற சத்தம்.

செடி மெலிய ஆரம்பித்தது.

இதைப் படிக்கிற உங்களுக்கு இப்போதே காரணம் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் யாரும் மேலே பார்க்கவில்லை. எல்லாரும் கீழேதான் பார்த்தோம்.

முதலில் அம்மா, பையன்கள் இலை பறிக்கிறார்கள் என்றாள். “சட்னிக்குத் தாளிக்கிறேன்னு மொட்டை அடிச்சிகினு இருக்கானுங்க” என்று குழாயடியில் நின்று சத்தம் போட்டாள். பையன்கள் பயந்து அந்தப் பக்கம் போவதையே விட்டார்கள். செடி தேறவில்லை. அப்புறம் புளித்த மோர். ஊற்றி ஊற்றி சந்து முழுக்கப் புளிச்ச வாடை, ஈ. மீன் கழுவின தண்ணீர். அரிசி களைந்த தண்ணீர். முட்டை ஓட்டை இடித்துப் போட்டாள். டிரம் நெடிதான் காரணம் என்று ஒரு நாள் சந்தேகப்பட்டு, மண்ணை முகர்ந்து பார்த்தாள். ஒரு நாள் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் குச்சியில் தொங்கவிட்டாள். அந்தக் குச்சி அதன் கனத்தைத் தாங்காமல் வளைந்துவிட்டது.

காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. ஆனி மாசத்தில் எனக்கு முதல் தடவையாகத் தூரம் வந்தது. பள்ளிக்கூடத்தில் இல்லை, வீட்டில் இல்லை, குழாயடியில். குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அக்காதான் பார்த்தாள். என்னைத் தன் அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

“ஏட்டி, இதுக்குப் போயி யாராவது அழுவாளா? ஒண்ணுமில்ல. எல்லாருக்கும் வரதுதான்.”

பழைய வாயில் புடவை ஒன்றைக் கிழித்து எப்படி மடிப்பது, எப்படிக் கட்டுவது என்று சொல்லிக்கொடுத்தாள். மாம்பழ நிறப் புடவை. ஓரத்தில் பச்சைக் கோடு. அந்த அறையில் மண்ணெண்ணெய் ஸ்டவ் வாசனையும் அக்கா தலையில் வைக்கும் தேங்காயெண்ணெய் வாசனையும் கலந்து இருக்கும். இப்போதும் மண்ணெண்ணெய் வாடை எங்காவது வந்தால் எனக்கு அடிவயிறு இழுக்கிறது.

“அம்மாவாண்ட சொல்லாதக்கா” என்றேன்.

“அம்மைகிட்ட சொல்லாம இருக்கலாமாட்டி? நாந்தான் சொல்லணும். பெரிய காரியம்லா இது.”

“சொன்னீனா என்னைப் பள்ளிக்கூடம் நிறுத்திடுவாங்க.”

எங்கள் பெரியம்மாவின் மகள் பெரியவளானதும் பள்ளியை நிறுத்திவிட்டார்கள். அடுத்த தையில் கல்யாணம். நம்மோடு ஏழாவது படித்தவள்தான். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அவள் பெஞ்சில் அப்புறம் யாரும் உட்காரவில்லை. அந்தப் பயம் எனக்கு.

அக்கா கிழித்தது போக மிச்சப் புடவையை மடித்து வைத்தாள். “சரி. காப்பரீட்சை முடியட்டும். முடிஞ்ச அன்னைக்கு நீயே சொல்லிரணும். இல்லன்னா நான் சொல்லிருவேன்” என்றாள். என் கையில் அடித்து சத்தியம் வாங்கினாள்.

நான் பழைய மாதிரி எல்லாவற்றையும் செய்தேன். சமையலறைக்குப் போனேன். சாமி படத்துக்குப் பூ வைத்தேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றும்போது இலை மேல் கை படாமல் பார்த்துக்கொள்வேன். ஏனென்றால் தூரமானவள் கறிவேப்பிலையைத் தொட்டால் பட்டுப்போகும் என்று நமக்கெல்லாம் பால்குடி மறக்கும்போதே சொல்லியிருக்கிறார்கள். செடி என் கண்ணெதிரே மெலிந்துகொண்டிருந்தது. நான் பிறந்ததிலிருந்து பார்த்த அம்மாவின் மரத்துக் கன்று. அதைக் கொல்வது நான்தான் என்று நினைத்தேன். தண்ணீர் ஊற்றாமல் விட்டால் மாட்டிக்கொள்வேன். ஊற்றினால் செடி சாகும். பன்னிரண்டு வயதுக்கு இது ரொம்பப் பெரிய கணக்கு.

அக்காவுக்கு வேறு ஒரு பயம். ஒரு நாள் அவள் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் துணி தொவைக்கிற சோப்புத் தண்ணி தெறிச்சிருக்குமோ? ஒங்க அம்மைக்குத் தெரிஞ்சா வையப்போறாங்க” என்றாள். அன்றிலிருந்து துணியைத் தூக்கிக்கொண்டு ஏரிக் கரைக்குப் போனாள். அந்த ஆனி வெயிலில். அம்மா பாட்டுக்கு மோர்தான் அதிகமாகிவிட்டதோ என்று புலம்பிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியும் அந்தச் செடிக்காக ஒரு குற்றத்தைத் தூக்கிச் சுமந்தோம். ஷீட் போட்ட மனுஷன் அதற்குக் கீழே கட்டில் போட்டு மத்தியானம் குறட்டை விட்டார்.

ஆடி பிறந்தது. அம்மன் கோவிலில் கூழ் ஊற்றப்போகிறார்கள் என்று சொல்லப் பெரியம்மா வந்தாள். அப்பாவின் அண்ணன் மனைவி. எங்கள் குடும்பத்தில் எது தீட்டு, எது தீட்டில்லை என்று சொல்கிற அதிகாரம் அவளிடம் இருந்தது. யார் கொடுத்தார்கள் என்று தெரியாது. காபியைக் குடித்துவிட்டு நேராகச் சந்துக்குப் போனாள். ஒரு ஈர்க்கை உடைத்து முகர்ந்தாள்.

“வாசனையே இல்லியேடி. வூட்டுக்குத் தூரமானவ எவளோ தொட்டுகீறா.”

“இங்க யாருக்கா கீறாங்க? நான் ஒதுங்கிடுவேன். இவ சின்னப் பொண்ணு” என்று அம்மா என்னைக் காட்டினாள்.

“தொடணும்னு இல்லடி. நிழல் பட்டாலே போதும். மொதல்ல ஒரு மறப்பு கட்டு.”

அம்மா நான்கு குச்சி ஊன்றி, தன்னுடைய பழைய புடவையை டிரம்மைச் சுற்றிக் கட்டினாள். ஷீட்டுக்குக் கீழே இருந்த கொஞ்ச வெளிச்சமும் போனது. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்த பையன்களில் ஒருவன் வண்டியை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தான்.

“லேய், இங்க பாருலே. செடி சமஞ்சிட்டு போல. குச்சு கட்டியிருக்காங்க.”

“தாய்மாமன் யாருடே?”

“நம்ம ஹவுஸ் ஓனர்தான்.”

விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புத்தகத்தைத் திறந்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

மறைப்புக்குள் செடி இன்னும் மோசமானது. புதுத் துளிர் வெள்ளையாக, நூல் மாதிரி வந்தது. கூழ் ஊற்றுகிற நாளில் பெரியம்மா திரும்பவும் வந்தாள். புடவையை விலக்கிப் பார்த்தாள். அப்போது அக்கா குடத்தோடு குழாயடிக்கு வந்தாள். நேரம் அப்படி.

“ஏ பொண்ணு, நில்லு. நீ எப்ப குளிச்ச?”

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. “காலையில குளிச்சிட்டேன் அத்தை.”

“அத கேக்கல. தூரம் எப்பன்னு கேக்கறேன். இந்தக் குழாயாண்ட அந்த நாள்ல வரியா, வரலியா?”

பையன்கள் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார்கள். கதவை மட்டும் யாரும் சாத்தவில்லை. அக்கா முகம் சிவந்து குடத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“தண்ணி எடுக்க வேற யாரு இருக்கா அத்தை? ஆனா செடிய நான் தொட்டதே இல்ல. சத்தியமாச் சொல்லுதேன்.”

“அப்ப வந்துகினுதான் கீற.” பெரியம்மா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். “வூடு வெளங்குமாடி? அம்மனுக்குக் கூழ் ஊத்தற நாளு. ஊரு பேரு தெரியாததுங்கள வெச்சிகினு. காலி பண்ணச் சொல்லு.”

அம்மா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். எனக்கு அப்போது ஒன்று மட்டும்தான் தெரிந்தது. செடியைக் கெடுத்தது நான். திட்டு வாங்குவது அக்கா. அது நியாயமில்லை. பள்ளிக்கூடம் போனாலும் போகட்டும் என்று முன்னால் போனேன்.

“அக்கா இல்லம்மா. நான்தான். தூரத்தோட தண்ணி ஊத்தினேன்.”

அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் நல்லது நடக்கும் என்று நம் டீச்சர் சொல்லியிருந்தார். நானும் சொன்னேன்.

அம்மா என்னை அடிக்கவில்லை. என் தோளைப் பிடித்துத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். “எப்பலேருந்து?” என்றாள். சொன்னேன். “துணி யாரு குடுத்தா?”

நான் அக்காவைப் பார்த்தேன். அது போதுமாக இருந்தது.

பெரியம்மா தரையில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “அய்யோ, மொத மொத பாத்தது இவளா? தாலியே யாரு கட்டினாங்கன்னு தெரியாதவ. மாமனுக்குத் தகவல் இல்ல, மஞ்சத் தண்ணி இல்ல, பொண்ண தொறந்த வூட்டுல வுட்டுட்டு வாயப் பொத்திகினு கீறா பாரு. சாமி படத்த தொட்டுகீதே இது.”

“நான் சொல்லச் சொன்னேன் யக்கா. பரீட்சை முடியட்டும்னு பிள்ள அழுதா” என்றாள் அக்கா. அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னாள். கெஞ்சினாள். “ஆடியில யாரு வீடு தருவா? ஆவணி வரைக்கும் இருந்துக்கிடுதோம். நான் குழாய்க்கே வரல.”

ஆடியில் வீடு மாறுகிறவர்களும் இல்லை, வாடகைக்கு விடுகிறவர்களும் இல்லை. அது அம்மாவுக்கும் தெரியும். வயலுக்குப் போயிருந்த அப்பாவைக் கேட்க வேண்டும் என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “போயிடும்மா” என்றாள். அவ்வளவுதான்.

செடி வாடினதற்காக மட்டும் என்றால் ஒருவேளை திட்டிவிட்டு விட்டிருப்பார்கள். நான் வாயைத் திறந்த பிறகுதான் அது போகவே வேண்டிய குற்றமாகிவிட்டது. இத்தனை வருஷமாக நான் தூக்கித் திரிவது இதைத்தான். மறைத்ததற்காகக்கூட இல்லை. சொன்னதற்காக.

மறுநாள் அந்த அண்ணன் ஷேர் ஆட்டோ ஒன்றைக் கூட்டிவந்தார். ஒரு தகரப் பெட்டி, ஸ்டவ், பாய், பிளாஸ்டிக் குடம். குடத்துக்குள் அக்கா ஏனங்களைத் திணித்திருந்தாளாம். மறைமலை நகர்ப் பக்கம் தெரிந்தவன் ஒருவன் இருக்கிறான், அவன் அறையில் கொஞ்ச நாள் என்று பையன்களிடம் சொன்னாராம். ஐந்தாறு ஆண்கள் தங்கியிருந்த அறை அது. அங்கே அக்கா எங்கே குளித்தாள், எங்கே துணி மாற்றினாள் என்று நான் யோசிக்காத வருஷம் இல்லை. நான் அப்போது உள் அறை மூலையில், பழைய புடவைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார வைக்கப்பட்டிருந்தேன். என் தட்டு, என் டம்ளர், என் பாய். சந்தில் செடிக்கு ஒரு புடவை, உள்ளே எனக்கு ஒரு புடவை. தடுப்புக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஆட்டோ கிளம்பின சத்தத்தை மட்டும் கேட்டேன். மாம்பழ நிறத் துணியைப் பெரியம்மா அடுப்பில் போட்டுவிட்டாள்.

அடுத்த வாரம் ஆடிக் காற்று அடித்தது. சாயங்காலம் மண்ணை வாரிக்கொண்டு வந்தது. சந்து ஷீட் கிழிந்து பறந்து பக்கத்து மனையில் போய் விழுந்தது. செடியைச் சுற்றிக் கட்டின புடவை மின்கம்பியில் மாட்டிக்கொண்டது. குச்சிகள் எல்லாம் சாய்ந்துவிட்டன. செடி மட்டும் நின்றது. ஷீட் பறந்ததில் ஒரு வண்டி அடிபட்டு, பையனோடு சண்டையாகி, அப்பா வண்டி நிறுத்தும் இடத்தை வீட்டுக்கு முன்பக்கம் மாற்றிவிட்டார். சந்து திறந்தே கிடந்தது.

ஆவணி முடிவதற்குள் செடி தழைத்துவிட்டது. கரும்பச்சையாக, தடித்த இலை. சந்து பழையபடி மணந்தது. பெரியம்மா வந்து பார்த்தாள். “பாத்தியாடி, அவ போனதும் எப்பிடி வந்துச்சின்னு. நான் சொன்னேன் இல்ல?” என்றாள். தெருவே தலையாட்டியது. நானும் நம்பினேன். என்னை ஒதுக்கி உட்கார வைத்ததால்தான் தழைத்தது என்று நினைத்தேன். அக்கா போனது பாதி, நான் ஒதுங்கியது பாதி.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மஞ்சள் நீராட்டு முடிந்த மறுவாரம் அம்மாவே என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விட்டாள். “படிக்கட்டும், உன் பொண்ணு மாதிரி இல்ல” என்று பெரியம்மாவிடம் முகத்துக்கு நேராகச் சொன்னாளாம். நான் பயந்தது நடக்கவே இல்லை. முதல் நாளே அம்மாவிடம் சொல்லியிருந்தால் அக்கா அந்த அறையிலேயே இருந்திருப்பாள்.

அப்போது எனக்குப் புரியாத ஒன்று இருந்தது. அவ்வளவு பாடுபட்டு வளர்த்த செடியில் அம்மா ஒரு இலைகூடப் பறிக்கவில்லை. குழம்புக்குக் கடையில் வாங்கினாள். “வீட்ல கீதேம்மா” என்று கேட்டால், “கடை எலதான் வாசனையா கீது” என்பாள். அந்தச் செடியைப் பிறகு கோவிலுக்குக் கொடுத்துவிட்டாள்.

நான் இப்போது ஒரகடத்தில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். லைனில் பழுதான பாகம் வந்தால் காரணம் கண்டுபிடிப்பது எங்கள் பிரிவு. முதலில் எல்லாரும் எழுதுவது ‘ஆபரேட்டர் மிஸ்டேக்’. அதிலும் காண்ட்ராக்ட்டில் இருக்கிற பெண்தான் மிஸ்டேக். மிஷின் மிஸ்டேக் என்று எழுத ஒருத்தனுக்கும் கை வராது. ஒரு தடவை ஒரு சூப்பர்வைசர், பழுது நின்றுவிட்டது, அந்தப் பெண்ணை மாற்றினதால்தான் நின்றது என்றார். அதே நாளில் மிஷினில் அச்சையும் மாற்றியிருந்தார்கள். “சார், ஒரே நேரத்துல ரெண்டு மாத்தம் பண்ணிட்டு எதனால சரியாச்சின்னு எப்படி சொல்லுவீங்க?” என்று நான் கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே எனக்கு அந்தச் சந்து ஞாபகம் வந்தது. அக்கா போனாள். ஷீட்டும் போனது. பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு பாத்ரூமுக்குப் போய் நின்றேன். அவ்வளவு பெரிய வெயில் மேலே இருந்திருக்கிறது. முப்பது வயதுக்கு மேல்தான் எனக்கு அது தெரிந்தது.

அப்பா இப்போது இல்லை. பெரியம்மாவும் இல்லை. அம்மா என்னோடு படப்பையில் இருக்கிறாள். போன வாரம் உங்கள் பதில்களை எல்லாம் அவளுக்குப் படித்துக் காட்டினேன். வேண்டுமென்றேதான். பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள்:

“வெயில்ல வெக்கச் சொல்லு. கருவேப்பில வெயில் இல்லாம வருமா?”

நான் போனைக் கீழே வைத்தேன். “இது உனக்கு எப்பலேருந்து தெரியும்?”

பூண்டுத் தோலை ஊதினாள். “இது தெரியாதா? கொல்லையில மரம் வெச்சிருந்தவளுக்கு?”

“அப்ப ஷீட்டு போட்டப்ப?”

“போட்ட மறுவாரமே தெரியும். உங்கப்பாவாண்ட சொன்னேன். எலதானே, கடையில வாங்கிக்கோன்னாரு. அதுக்கு மேல அவர்கிட்ட பேச முடியுமா?”

“மோர் ஊத்தினியே. முட்டை ஓடு போட்டியே.”

“வேற இன்னா பண்றது? சும்மா பாத்துகினு இருக்க முடியல.”

“அன்னிக்கு பெரியம்மா கேட்டப்ப ஷீட்டுன்னு சொல்லிருக்கலாமே.”

அவள் அடுத்த பூண்டை எடுத்து உடைத்தாள்.

“ஷீட்டுன்னா உங்கப்பாவச் சொன்ன மாதிரி. அவரு ஏன் எதுக்குன்னு கேப்பாரு. அந்தப் பொண்ணச் சொன்னா…” நிறுத்தினாள். “அவளுக்காகக் கேக்கறதுக்கு யாருகீறா? எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் போகச் சொன்னேன்.”

என்னைப் பெற்றவள். கொஞ்ச நேரம் அவளைத் தொடக்கூட எனக்குப் பிடிக்கவில்லை. அவள் ஏன் கடையில் இலை வாங்கினாள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. செடியைக் கெடுத்தது நான்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த வருஷங்கள் முழுக்க, அது நான் இல்லை என்று தெரிந்துகொண்டே அவள் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள்.

“தேடலாம்மா” என்றேன். “மறைமலை நகர்ல அந்தக் காலத்து ஆளுங்க இருப்பாங்க. கம்பெனி ஆளுங்களைக் கேக்கலாம். அவளுக்கு இப்ப அம்பதை நெருங்கும்.”

அம்மா முதல் தடவையாக நிமிர்ந்தாள். “அது பேரு இன்னா?”

நான் வாயைத் திறந்தேன். வரவில்லை. நான் அக்கா என்றேன். பையன்கள் மதினி என்றார்கள். அவள் புருஷன் ஏளா என்று கூப்பிடுவார். அம்மா படிக்கட்டு ரூம் பொண்ணு என்பாள். எனக்குத் துணி கிழித்துக் கொடுத்தவளின் பேரை நான் கேட்கவே இல்லை. அந்த அண்ணன் பேரும் தெரியாது. அவர் கம்பெனியும் தெரியாது. எங்கள் வீட்டில் யாரும் அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

அம்மா பூண்டை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். “நானும் கேக்கல” என்றாள்.

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் நிறைய பேர் எங்கள் தெரு வழியாகத்தான் பள்ளிக்கூடம் வந்தீர்கள். குழாயடியில் நின்று அவளிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தவர்கள் உண்டு. ஏரிக் கரையில் அவளோடு துணி துவைத்த அம்மாக்கள் உண்டு. அவர்களில் உயிரோடு இருப்பவர்களைக் கேளுங்கள். உயரமாக இருப்பாள். சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வாள். மாம்பழ நிறத்தில் ஒரு வாயில் புடவை வைத்திருந்தாள், பாதிப் புடவை. அவள் பேர் மட்டும் யாருக்காவது தெரிந்தால் போதும், சொல்லுங்கள்.

படம் போட்டவளே, உன் செடியைத் தூக்கி வெயிலில் வை. யார் தொட்டார்கள் என்று வீட்டில் யாரையும் கேட்காதே. முதலில் மேலே பார்.